கழித்தல் குறி

மாட்டுத்தாவணி தாண்டி, மேலூர் சாலையில்
பதினோரு மாடி மருத்துவமனை.
தென்மேற்கு மூலையில் ஒரு பலகை இல்லை.
நாலடிக்கு எட்டடி அலுமினியத் தகடு,
வெள்ளி நிறம்.
நேற்று மாலை ஐந்தே காலுக்குக் கழன்று
ஷேர் ஆட்டோக்களின் தலைக்குமேல் மிதந்து
ஒச்சம்மாளின் கரும்புச்சாறு வண்டியில்
மல்லாந்து விழுந்தது.
அவள் சில்லறை மாற்றப் போயிருந்தாள்.
அவ்வளவுதான் இடைவெளி.

"ஆடிக் காத்து மேடம், அடிச்சுத் தள்ளிருச்சு.
அம்மியே பறக்குமில்ல" என்கிறார் சீனிவேல்.
அம்மிக்கு யாரும் டெண்டர் எடுத்ததில்லை.

அடிக்கவில்லை. தள்ளவுமில்லை.
நாகமலை இறங்கி
ஊர்ப் புழுதியெல்லாம் வாரிக்கொண்டு வந்த காற்று
மேற்குச் சுவரில் முட்டியது நிஜம்.
முட்டிய இடத்தில் ஒரு திருகாணி அசையவில்லை.
மூலை திரும்புகையில்தான்
சுவரைவிட்டு விலகி ஓடியது.
ஓடிய வேகத்தில் அங்கே உண்டான வெறுமை
பலகையை வெளியே இழுத்தது,
சட்டையிலிருந்து பொத்தானைப் பிய்ப்பது போல.

எனக்குத் தெரியும்.
மைனஸ் ஒன்று புள்ளி எட்டு.
நடுச்சுவரில் முழத்துக்கொரு திருகாணி,
மூலையில் சாணுக்கொன்று.
வரைபடத்தில் சிவப்பு மசியில் எழுதியது நான்தான்.

"மைனஸ்னா கம்மிதான மேடம்?"
மார்ச் மாதம், சாரத்தின் அடியில் நின்று
சீனிவேல் கேட்டார்.
சிரித்தேன்.
வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று.
சிரிப்பை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.
ஜூனில் கையெழுத்துப் போட்டேன்,
கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து,
வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு.

இன்று கயிற்றில் தொங்குகிறான் மொக்கராசு.
விரல் விரித்து அளந்து
வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இறங்குகிறான்:
முழம்.
முழம்.
இங்கிட்டும் முழந்தான் மேடம்.
குரலுக்குப் பின்னால்
உய்யென்று அதே காற்று.

நசுங்கிய தகரக் கூரையைக்
கட்டையால் தட்டி நிமிர்த்தியபடி
ஒச்சம்மாள் கேட்கிறாள்:
"எந்தப் பக்கட்டு இருந்து வரும்னு சொல்லும்மா,
வண்டிய அங்கிட்டு மாத்திப் போட்டுக்கிறேன்."

ஆடியில் மேற்கு. ஐப்பசியில் வடகிழக்கு.
புயல் வந்தால் கேட்கவே வேண்டாம்.
மூலைகள் நான்கு.
இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.

"நடுச்சுவருக்கு நேரா போடுங்க" என்றேன்,
"இப்போதைக்கு."
இப்போதைக்கு என்றால் எத்தனை நாள் என்று
அவள் கேட்டாள்.