கூட்டி எழுதிய வயது

வினிபெக்கில் இரவு பதினொன்று.
ஓம்துர்மானில் விடிந்துவிட்டது.
கார் நாற்பத்தொன்று, எல்லிஸ் தெருவில் இடப்பக்கம் திரும்பு,
ஆஸ்பத்திரி வாசலில் ஊன்றுகோலோடு ஒருவர் நிற்கிறார் என்று
மைக்கில் சொல்லிக்கொண்டே
இன்னொரு கையால் அக்காவுக்கு அடிக்கிறேன்:
பாலத்துப் பக்கம் போகாதே.
பெட்ரோல் பங்க் தாண்டியதும் சந்துக்குள் நுழைந்துவிடு.

எந்த பெட்ரோல் பங்க், என்கிறாள் சித்தனா.
நீ போன மறுவருஷமே அதை இடித்தாயிற்று.

டாக்சி அனுப்புவது என் வேலை.
இந்த ஊரின் முட்டுச்சந்துகள் எல்லாம் மனப்பாடம்.
பிறந்த ஊரில் மட்டும்
பத்து வருஷத்துக்கு முந்தைய தெருவில்
அவளை நடக்க வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் வரவில்லை.
பூட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்றாராம்.

பஸ்காரன் முதல் நாள் தலைக்கு ஒரு தொகை சொன்னான்.
மறுநாள் இரண்டு மடங்கு.
மூன்றாம் நாள் விலையே சொல்லவில்லை,
உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டான்.

கார் பதினேழு ஓட்டும் ரொடெலியோ
ஒரு உறையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.
பனியில் நனைந்த நோட்டுகள்.
எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்கவில்லை;
மணிலாவில் அவனுக்கும் ஒரு அக்கா இருக்கிறாள்.
அந்தப் பணத்தை
முகம் தெரியாத ஒருவன் ஜித்தாவில் வாங்கிக்கொள்ள
முகம் தெரியாத இன்னொருவன் அத்பராவில் கொடுத்தான்.
கையெழுத்து கிடையாது.
அக்கா அனுப்பிய 'ம்' ஒன்றுதான் ரசீது.

பிறகு இரண்டு நாள்
ஒற்றை டிக்.
நான் யார் யாரையோ விமான நிலையத்துக்கு அனுப்பினேன்.

எல்லையிலிருந்து கூப்பிட்டாள்.
பெண்கள் போகலாமாம். பிள்ளைகள் போகலாமாம்.
பதினாறு முடிந்த ஆணுக்கு விசா வேண்டுமாம்.
முஸ்அபின் பாஸ்போர்ட்டை
அந்த அதிகாரி இரண்டு தடவை விரலில் எண்ணிப் பார்த்தானாம்.

அவனுக்குப் பதினைந்துதான்.

எனக்குத் தெரியும்,
அந்த ஒரு வயதைப் போட்டவன் நான்.
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக
இவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுத காலம்.
ஆறு நிறைந்திருந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள்.
பத்திரம் தொலைந்துவிட்டது என்று அலுவலகத்தில் பொய் சொல்லி
புது விண்ணப்பத்தை நானே நிரப்பினேன்.
வீட்டில் எனக்குத்தான் கையெழுத்து அழகு.
யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.
வழியில் அவனுக்கு எள்ளுமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்,
ஒரே பகலில் ஒரு வயது வளர்ந்ததற்கு.

அக்கா அதைச் சொல்லிக் காட்டவில்லை.
சொல்லியிருக்கலாம்.

அவனில்லாமல் நகர மாட்டேன் என்று
மணலில் உட்கார்ந்துவிட்டாள்.
சின்னவளுக்குக் காய்ச்சல்.
போனை வாங்கிக்கொண்டு முஸ்அப் தள்ளிப் போய்ப் பேசினான்.
குரல் உடைந்து புதிதாக இருந்தது,
யாரோ என்று நினைத்துவிட்டேன்.
மாமா, அம்மாவைப் போகச் சொல்லுங்கள்.
உங்கள் பேச்சைத்தான் கேட்பாள்.

நான் சொன்னேன்.
என்ன வார்த்தைகளில் என்று கேட்காதீர்கள்.
கேட்டாள். போனாள்.

இன்று அவன் ஹல்ஃபாவிலிருந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறான்.
தங்க இடமில்லாதவர்களுக்குத் திறந்துவிட்ட பள்ளிக்கூடம்.
அவன் படுத்திருப்பது ஒன்றாம் வகுப்பில்.
சுவரில் எழுத்து அட்டை.
பெஞ்சுகள் அவன் முழங்காலுக்குக்கூட வரவில்லை.

விசா வர எவ்வளவு நேரமாகும் மாமா, என்கிறான்.
நாள் என்று சொல்லவில்லை, நேரம் என்கிறான்.

ராத்திரி முழுக்க எல்லோரும் என்னைக் கேட்கும் கேள்வி.
ஐந்து நிமிஷம், இதோ வந்துவிடும் என்று
யோசிக்காமல் சொல்லிப் பழகிய வாய்.

அடுத்த லைன் அடிக்கிறது.
எடுக்காமல்
அவன் பெயருக்குக் கீழே
எதையோ எழுதுகிறேன், அழிக்கிறேன்.
நான் எழுதிக்கொண்டிருப்பது
அங்கே அவனுக்குத் தெரியும்.