பதினொன்றாம் பாட்டில்

கண்மாயில் ஆரம்பித்தோம்.
மறுகாலுக்கு முப்பதடி தள்ளி
பாசியை விலக்கி முதல் பாட்டிலை முக்கினேன்.
அரைத்துக் கரைத்த கீரை நிறம்.
கெண்டை இரண்டு வயிற்றைக் காட்டி
கருவேல முள்ளில் ஒதுங்கிக் கிடந்தன.

மீன் குத்தகை முத்துமாயன்
உசிலம்பட்டி பஸ்ஸையே விட்டுவிட்டுக் கூட வந்தார்.
"எவனோ மருந்தைக் கலந்துட்டான்.
பேரை மட்டும் சொல்லுங்க."

என் பையில் பேர் இல்லை.
நைட்ரேட் தாள், வெப்பமானி,
பதினான்கு பாட்டில், ஒரு மார்க்கர்.

தண்ணீர் வந்த வழியில்
எதிர்த்து நடப்பதுதான் என் வேலை.
இரண்டு ஓடை கூடினால் இரண்டிலும் எடுக்கணும்,
எது கெட்டதோ அதில் ஏறணும்.

ஆறாவது, கோழிப்பண்ணைக்குப் பின்னால்.
மழையில் ஊறிய எருக்குவியல்
டிகாக்ஷன் போல இறங்கிக்கொண்டிருந்தது.
"இவன்தான்" என்றார்.
தாள் சிவந்தது.
பண்ணைக்கு மேலே எடுத்த ஏழாவதும் சிவந்தது.
"இவனும்தான்" என்றேன்.

அந்த 'உம்' அவருக்குப் பிடிக்கவில்லை.

எட்டு, நெல் வயலின் வடிகால்.
நாளைக்கு மழை என்று தெரிந்தும்
நேற்றே மொத்த யூரியாவையும் வீசியிருக்கிறார்கள்.
ஒன்பது, பத்து:
எழுத்து அழிந்துவிட்டது, திரும்பப் போகணும்.

பதினொன்று மல்லிகைத் தோட்டம்.
வாய்க்கால் பாலத்தில் குந்தி
ஒச்சப்பன் மருந்தடிக்கும் டேங்கைக் கழுவினார்.
வெள்ளை நுரை, பூப்போல.
கீழ்ப்படியில் இருளாயி
பூப்பறித்த கையை அலசினாள்.
"மொட்டுல புழு இருந்தா
மாட்டுத்தாவணியில எடுப்பாங்களா, நீங்களே சொல்லுங்க."

நான் சொல்லவில்லை.
குனிந்து முக்கியபோது
காலையில் வாங்கிய இரண்டு முழத்திலிருந்து
ஒரு பூ கழன்று பாட்டில் வாயில் விழுந்தது.
கொட்டிவிட்டு, மூன்று முறை அலசி,
சரத்தை அவிழ்த்துப் பைக்குள் வைத்துவிட்டு
மறுபடி எடுத்தேன்.
மருந்துக்குத் தாள் கிடையாது,
மதுரை ஆய்வகத்துக்குத்தான் போகணும்.

திரும்பும்போது கண்மாய்க் கரைக் கொட்டகையில்
சாணிக் கூடை, சூப்பர் பாஸ்பேட் மூட்டை நான்கு.
"அது மீனுக்குப் போடுற சாப்பாடு" என்றார் முத்துமாயன்.
நான் அவர் முகத்தையே பார்த்தேன்.
வெகுநேரம் கழித்து,
கெண்டை ஒன்றைக் குச்சியால் புரட்டியபடி,
"நானும்தானோ" என்றார்.

பிறகு நடந்தது பெரிதாய் ஒன்றுமில்லை.
எருவுக்கு ஒரு தார்ப்பாய்.
டேங்க் கழுவ, வாய்க்காலை விட்டுத் தள்ளி
ஒரு கரித்தூள் குழி.
யூரியாவை மூன்று தவணையாய்ப் போடச் சொன்னோம்,
இரண்டு பேர் கேட்டார்கள்.
ஓடையோரம் ஆறடி வெட்டிவேருக்கு விடச் சொன்னோம்,
ஒச்சப்பன் நாலடி விட்டார்,
அதிலும் ஓரமாய் ஒரு வரிசை கனகாம்பரம்.

அறிக்கையில் 'மாசின் மூலம்' என்று
ஒரே ஒரு சின்னக் கட்டம்.
பொடி எழுத்தில் எழுதினேன்.
பேர்கள் கட்டத்தைத் தாண்டி
கையெழுத்துப் போடும் இடம்வரை வந்துவிட்டன.

ஐப்பசியில் மறுபடி போகணும்.
பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.
பதினொன்றில் மட்டும்
இன்னும் வாசம் போகவில்லை,
எந்த வாசம் என்று
நிச்சயமாய்ச் சொல்ல முடியவில்லை.