இரண்டாம் விலாசம்

மாவு மில்லுக்குப் புது மோட்டார் வாங்க
ஒரு லட்சத்து எண்பதாயிரம் கேட்டேன்.
மேனேஜர் திரையைப் பார்த்தார்
என்னைப் பார்த்தார்
மறுபடி திரையை.
"சிபில் ஐநூற்று நாற்பத்தொன்று" என்றார்
காய்ச்சல் அளவைச் சொல்வதுபோல்.
"வண்டிக் கடன் கட்டாம விட்டிருக்கீங்களே."

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.
குத்தாலத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.
அரைத்த மிளகாய்ப்பொடியைக் கொண்டுபோய்க் கொடுக்கவும்
மினி பஸ்ஸில் தும்மிக்கொண்டே போகிறவள்.

இ-சேவை மையத்தில் பதினோரு பக்கம்
பக்கத்துக்குப் பத்து ரூபாய்.
முதல் பக்கத்தில் நான் இருந்தேன்:
தையல்நாயகி, கோ.
பிறந்த தேதி ஜூன் ஒன்று.
ஒன்றாம் வகுப்பு சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி.
அந்த வருஷம் சேர்ந்த பாதிப் பிள்ளைகள்
ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்தோம்.
பெயரோ, வைத்தீஸ்வரன்கோயில் பக்கம் கல்லெறிந்தால்
ஒரு தையல்நாயகி மேல் விழும்.

விலாசம் ஒன்று: என் தெரு, என் கதவு எண்.
விலாசம் இரண்டு:
மேலத்தெரு, ஆயக்காரன்புலம்,
வேதாரண்யம் வட்டம்.

ஆறாம் பக்கத்தில் அவளுடைய கட்டங்கள்.
வலமிருந்து இடமாகப் படிக்கணும் என்றான் பையன்,
புது மாதம் இடது பக்கம் இருக்கும்.
படித்தேன்.
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்
(தவணை தவறவில்லை என்று அர்த்தமாம்)
பதினான்கு பூஜ்யங்கள்.
பதினெட்டாம் வருஷம் நவம்பரில்
கஜா வந்தது.
டிசம்பர் முப்பது.
ஜனவரி அறுபது.
பிப்ரவரி தொண்ணூறு.
மார்ச்சில் மட்டும் முப்பத்தொன்றுக்கு இறங்கியது.
எதையோ விற்றிருக்கிறாள்.
விழுந்த தென்னையை விறகுக்கா,
காதில் கிடந்ததையா,
கட்டம் அதைச் சொல்லவில்லை.
அதன்பிறகு ஏறியது ஏறியதுதான்.
கடைசியில் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை.
கடனைத் தள்ளி எழுதிட்டாங்க,
ஆனா ஆளை விடமாட்டாங்க என்றான் பையன்.

"பதினோராயிரம் கட்டி முடிச்சிடுங்க
சீக்கிரம் வேலையாகும்" என்றார் மேனேஜர்.
வசூல்காரனும் போன் செய்தான்:
"ஒம்பதாயிரத்துக்கே முடிச்சுத் தரேன், அக்கா."
ஒரு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன்.
கட்டினால் அவளுக்கும் தீரும்.
கட்டினால் அவள் பட்ட கடன்
நான் பட்டதென்று நானே கையெழுத்துப் போட்டதாகும்.
நல்லவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்,
ஒன்பதாயிரம் எனக்கு இரண்டு மாதக் கரண்ட் பில்.

காலையில் போய்
'இந்தக் கணக்கு என்னுடையதல்ல' என்ற வரியை
அழுத்தச் சொன்னேன்.
பான் கார்டு, ஆதார், ரேஷன் கார்டு.
என் கோ கோதண்டபாணி.
அவளுடைய கோ யாரோ,
கோவிந்தசாமியோ கோபாலோ,
அப்பாவோ புருஷனோ.
முப்பது நாள் ஆகும் என்றார்கள்.

அந்த முப்பது நாளில்
மேட்டூர் திறந்தார்கள்.
எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது,
பிளாஸ்டிக் பாட்டிலும் ஆகாயத்தாமரையும் முன்னால் வர.
கடைமடைக்கு இன்னும் எட்டவில்லையென்று
பேப்பரில் ஒரு சின்னச் செய்தி.
வேதாரண்யம் பெயரும் இருந்தது.
மிளகாய் மடிக்க வைத்திருந்த பேப்பர்தான்,
அதை மட்டும் எடுத்து வைத்தேன்.

இருபத்தொன்பதாம் நாள் குறுஞ்செய்தி:
கணக்கு நீக்கப்பட்டது.
எழுநூற்று நாற்பத்தெட்டு.
மேனேஜர் டீ வாங்கித் தந்தார்.

நீக்கியது எங்கே போகும் என்று கேட்டேன்.
"யாருதோ அவங்க பேருக்கே போயிடும்மா."

மோட்டார் வந்துவிட்டது, பத்து குதிரைச் சக்தி.
சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சும் கேட்காது.
ஆனாலும் யாராவது
ஆயக்காரன்புலம் என்றால்
தலை திரும்பிவிடுகிறது,
அங்கே நான் கொஞ்ச நாள்
குடியிருந்ததுபோல்.