ஏழாம் நம்பர் மலை

தை மாசத்து விடியலில்
ஏழாம் நம்பர் மலை கருகிக் கிடந்தது.
நெருப்பில்லை, பனி.
கங்காணி அன்றைக்கு அரைப் பேர்தான் போட்டார்.

கண்டி ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருந்தேன்.
கருப்பையை எடுத்து மூன்று வருசம்.
அது போட்ட குட்டியொன்று
இடுப்பெலும்போரம் குந்தியிருந்தது.

டொக்டர் வீரக்கோன்
படத்தைப் பார்த்துப் பார்த்து மூன்று ஊசி இறக்கினார்.
மூச்சைப் பிடிக்கச் சொன்னது எந்திரம், சிங்களத்தில்.
பிடித்தேன்.

பத்து நிமிசம் உறைவு
எட்டு நிமிசம் உருகல்
மறுபடி பத்து.
அந்த நேரத்துக்கு
இரண்டு கிலோ கொழுந்து எடுத்திருப்பேன்.

தோல் கருகாமலிருக்க
நர்ஸ் நிலந்தி கையுறையில் சுடுதண்ணி நிரப்பி
முதுகில் வைத்தாள்.
ஏழாம் நம்பருக்கு யாரும் அப்படி வைக்கவில்லை.

பிறகு திரையைக் காட்டினார்கள்:
கட்டியை விழுங்கிய கறுப்பு முட்டை.

கேட்டேன்:
"பனி கருக்கின செடி
கவ்வாத்து வெட்டினா
சித்திரை மழைக்குத் துளிர்க்கும் ஐயா.
இது?"

நிலந்தி மொழிபெயர்த்தாள்.
அவர் சிரிக்கவில்லை.
"மூணு மாசத்துல இன்னொரு படம்."

மறுநாள் நுவரெலியா பஸ்ஸில்
ரம்பொடை வளைவில் குளிர் ஏறிற்று.
பக்கத்து ஆள் கண்ணாடியைச் சாத்தச் சொன்னார்.

இருக்கட்டும் என்றேன்.