மதிப்பு: இரண்டாயிரம்

செக்காலை ரோடு பார்சல் ஆபீசில்
பேனாவை உயர்த்திப் பிடித்தபடி ரஹ்மத் கேட்டாள்:
"உள்ளே என்ன?"
பழைய ரேடியோ என்றேன்.
"மதிப்பு?"
இரண்டாயிரம் போடு.
உண்மையைச் சொன்னால் கட்டணம் நாலு மடங்கு.
அந்த மத்தியான வெயிலில்
அந்த நாலு மடங்குதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ரேடியோ இல்லை அது.
எட்டுப் பங்காளிகளும் கையெழுத்துப் போட்டால்தான்
வெளியே போகும் என்று
கண்டனூர் வீட்டு மாடியறையில் ஒன்பது மாதம் கிடந்த
வால்வ் ஆம்ப்ளிஃபயர்.
ஏழு பேர் போட்டுவிட்டார்கள். எட்டாமவர் ஈப்போவில்.
தாள் தபாலில் போய்த் தபாலில் வந்தது.
அது தொலையவில்லை, பாருங்கள்.

முப்பத்தொரு கிலோ.
டிரான்ஸ்பார்மரை நானே புதிதாய்ச் சுற்றினேன்,
ஐந்து இரவு, விரல் நுனி மரத்துப்போக.
புனேயில் ஆப்தே என்றொருவர்
ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேசி
பாதியை முன்பணமாக அனுப்பியிருந்தார்.
மாம்பலகைப் பெட்டி, உள்ளே மெத்தைப் பஞ்சு,
நாலு பக்கமும் சிவப்பு அம்பு:
இது மேல்பக்கம்.

திருச்சி வரை போனது.
அப்புறம் 'வழியில் உள்ளது' என்று
ஒரே வாக்கியம்,
ஐப்பசி முழுக்க, கார்த்திகை பாதி.
போனில் காத்திருக்கச் சொல்லி ஒரு மெட்டு போடுவார்கள்.
உச்சியில் கரகரவென்று கிழியும்.
புகாரை மறந்து
அதைக் கழற்றிச் சரிபண்ணக் கை அரிக்கும் எனக்கு.

மதுரையிலிருந்து சர்வேயர் கிருபாநிதி வந்தார்.
வாங்கிய பில்?
பங்காளிகள் தாளைக் கொடுத்தேன்.
எட்டுக் கையெழுத்தையும் எண்ணிவிட்டு
"ஜிஎஸ்டி நம்பர் இல்லையே" என்றார்.
அனுப்பும்போது ஓடியதற்கு ஆதாரம்?
செல்போனில் நாற்பது விநாடி வீடியோ இருந்தது,
ஒரு நாதஸ்வரத் தட்டு சுழல்வது.
மிளகளவு ஓட்டை வழியே ஒழுகிய அதைக் கேட்டு
"நல்லாத்தானே கேக்குது" என்றார்.
எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு அலமாரியைப் பார்த்தார்.
"அது?"
வால்வுகள் சார், நாலு.
கண்ணாடி என்பதால் கழற்றி வைத்தேன்,
புனேக்கு நானே கையோடு கொண்டுபோக.
"அப்போ முழுசும் தொலையலை."
பகுதி இழப்பு என்று எழுதினார்.
நல்ல மனிதர்தான்; எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.
காப்பியை மட்டும் மிச்சமில்லாமல் குடித்தார்.

தையில் காசோலை வந்தது.
ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.
அனுப்புநர் அறிவித்த மதிப்பில்
தேய்மானம் போக,
கைவசமுள்ள பாகங்கள் போக.
கோர்ட்டுக்குப் போவோம் என்று மைத்துனன் துள்ளினான்.
யார் மேல் போட?
அந்த இரண்டாயிரம் என் வாயில் பிறந்தது.

முன்பணத்தைத் திருப்ப
மண்டபங்களுக்கு வாடகைக்கு விடும் பாஸ் பெட்டி இரண்டையும்
கழனிவாசல் பையனுக்குக் கொடுத்தேன்.
பணம் கிடைத்ததாக ஆப்தே எழுதினார்.
கீழே ஒரு வரி:
வால்வுகளையாவது விற்பீர்களா?
இன்னும் பதில் போடவில்லை.

எங்கோ ஒரு கிடங்கில் இருக்கும்.
அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ.
பெட்டியை உடைத்தவன் பிளக்கைச் செருகிப் பார்த்திருப்பான்.
வால்வு இல்லாமல் என்ன வரும்?
பழைய ரேடியோதான் என்று காலால் தள்ளியிருப்பான்,
நான் சொன்னதையே சொல்லி.

முனையில் தேவகோட்டை பஸ் திரும்பும்போது
அலமாரி அதிரும்.
நாலு கண்ணாடியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.
அதைக் கேட்க
சால்டரிங் இரும்பைக் கீழே வைத்துவிடுகிறேன்,
இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ்.