இன்னும் ஒரு விரல்

முப்பத்துமூன்று அங்குல டயர் நான்கு
வாங்கி உருட்டி வந்த பிறகுதான்
ஹைலக்ஸின் மட்கார்டு அதை வேண்டாமென்றது.

நேராக நிற்கும்போது
எல்லாவற்றுக்கும் இடம் இருப்பதுபோலத்தான்.
ஸ்டேரிங்கை முழுசாக ஒடித்தால்
தகரத்தில் ரப்பர் இழுபடும்,
தூக்கத்தில் யாரோ பல் கடிக்கிற மாதிரி.

பழக்குலை ஏற்றத்தான் என்றேன் நேசமலரிடம்.
மேட்டுப் பிரிவுப் பாதை மழைக்குக் களியாகிவிடுகிறது.
போன நவம்பரில் டிராக்டர் வந்து இழுத்தது,
எண்பது ரிங்கிட்.
டயரின் பக்கவாட்டில் புடைத்திருந்த
வெள்ளை எழுத்துகளைப் பார்த்தாள்.
பழக்குலைக்கு எதற்கு வெள்ளை எழுத்து
என்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

ஞாயிறு. ஆலைக் காற்று இந்தப் பக்கம் திரும்பி
தாமான் முழுக்கப் புளித்த எண்ணெய் வாடை.
பேட்டரிக் கம்பியைக் கழற்றினேன்.
உள் பிளாஸ்டிக்கைப் பிடுங்கியதும் கொட்டியது
ஆறு வருடச் செம்மண்,
அதில் முளை விட்டிருந்த ஒரு செம்பனைக் கொட்டை.

டேப் ஒட்டி, நூல் பிடித்து
பென்சிலால் வளைவு போட்டேன்.
கிரைண்டர் கையில் அதிர்ந்தபோதுதான்
அந்தக் கணக்கு வந்தது:
இன்னும் நாற்பத்தொரு தவணை.
இந்தத் தகரப் பிறை எந்த மாதத்தினுடையது?
போன ஜனவரியில் கட்டியதா,
இன்னும் சம்பாதிக்காத ஏதோ ஓர் ஆகஸ்டா?
வங்கியின் சொத்து பொறியாய்ப் பறந்து
என் காலுறையில் ஓட்டை போட்டது.

அரை அங்குலம்.
அதற்குமேல் துணியவில்லை.
தலைமயிர் என்றால் வளரும்.

ஒடித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.
கையில் மீன் செதிலோடு வந்து ஏறினாள்.

"இடது."
"ஒடிச்சாச்சு."
"இன்னும்."
"இதுக்கு மேல வராது."

மல்லாந்து படுத்து
காதைச் சக்கரத்தோரம் கொடுத்தேன்.
தலைக்கு மேலே இரண்டு டன் இரும்பு,
அதற்கும் மேலே என் மனைவி.
பன்னிரண்டு வருடத்தில்
இத்தனை கூர்ந்து கேட்டதில்லை நான்.
டயரைச் சொல்கிறேன்.

மூன்று முறை ஏறினாள், மூன்று முறை இறங்கினாள்.
கம்பியை மாட்டுவதும் கழற்றுவதுமாக
நான் வெட்டினேன்,
விளிம்பைச் சுத்தியலால் உள்ளே மடக்கினேன்,
துருவுக்கு முந்திக்கொண்டு
வெட்டுவாயில் சாம்பல் பிரைமர் அடித்தேன்.
நான்காவது முறை ஏறியவள்
இறங்கவில்லை.

கியர் விழுந்த சத்தம்.
நேசா என்று நான் எழுவதற்குள்
கேட்டைத் தாண்டி, சுராவைத் தாண்டி
பழைய லயத்து முக்கில் திரும்பி
செம்பனைக்குள் போய்விட்டது வண்டி.
கையில் கிரைண்டர்,
காலடியில் பிறை பிறையாய்த் தகரம்.
பூச்செட்டிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜமாலுடின்
குழாயை மூடிவிட்டு, மானா பெர்கி? என்றார்.
தெரியாது என்றேன்.

அவள் எனக்கு முன்பே லைசன்ஸ் எடுத்தவள்.
ஆறு வருடமாகச் சாவியைக் கேட்டதில்லை.
கேட்காததை நானும் வசதியாக
வைத்துக்கொண்டேன்.

சிகாமட் பக்கம் போகும் ரயில் கடந்தது.
தகரங்களைக் கூட்டி ஓரமாக வைத்தேன்.
பிறகு அவற்றை வேறோர் ஓரத்தில் வைத்தேன்.

நாற்பது நிமிடம் கழித்து வந்தாள்.
கதவின் கைப்பிடிவரை சேறு,
நெற்றியிலும் ஒரு பொட்டுச் சேறு.
என்ஜினை அணைக்காமலே கண்ணாடியை இறக்கினாள்.

"மேட்டுப் பிரிவு, ரெண்டாவது கல்வர்ட்டு வரைக்கும் போனேன்.
முன்னால போறப்ப ஒன்னுமில்ல.
ரிவர்ஸ்ல, வலது முழுசா ஒடிச்சாதான் தொடுது."
செதில் காய்ந்து மின்னிய
சுண்டுவிரலை நீட்டினாள்.
"இவ்வளவு."

பென்சிலை எங்கே வைத்தேன்
என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.