பக்கத்துக்கு ஒருமுறை

கிரிம்ஸ்பி. மீன் துறைமுகத்தின் பின்தெரு.
மாலைப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்க்கும் தெல்மா ரெய்த்பி
சிவப்புப் பென்சிலின் முனையை
நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

ஏழாம் பக்கத்தில் மூன்று இடத்தில்
'பிட்டிஃபுலி'.

உள்ளூர் அணி
ஆறுக்குச் சைபர் என்று தோற்றது ஒன்று.
திரும்பாத படகுக்காகத் துறைமேடையில்
ஒரு நாய் ஊளையிட்டது இன்னொன்று.
அந்தப் படகில் போனவர்களின் வீடுகளுக்குக்
கம்பெனி கொடுத்த தொகை
அப்படிச் சிறியது என்பது மூன்றாவது.

ஒரு சொல், பக்கத்துக்கு ஒருமுறைதான்:
ஆசிரியர் காட்டரில் சுவரில் ஒட்டிய சட்டம்.

விசித்திரமான சொல்.
முன்னொரு காலத்தில்
இரங்குகிறவரின் பக்கம் நின்று
'மனமிரங்கி' என்றது.
பிறகு தெருவைக் கடந்து
இரங்கப்படுகிறவரிடம் போனது.
அங்கேயும் நிற்கவில்லை.
இப்போது உதட்டைச் சுழித்து
'இவ்வளவுதானா' என்கிறது.
கண் கலங்கிப் பார்த்தாலும்
மூக்கைச் சுளித்துப் பார்த்தாலும்
தலை ஒரே பக்கமாகத்தான் சாய்கிறது.

தோல்வியிலிருந்து முதலில் அடித்தாள்.
ஆறு கோல் போதும், ஒப்பாரி எதற்கு.
நாயிடம் வந்ததும் பென்சில் தயங்கியது.
ஊளை என்றான பிறகு
அதற்கு என்ன அடைமொழி? அதுவும் போயிற்று.
தொகைக்கு முன்னால் மட்டும் விட்டுவைத்தாள்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை
ஈரக் கோட்டோடு வந்து நின்றாள் ஐவி ஸ்டோவின்,
ஏழாம் பக்கத்தை நாலாக மடித்துக்கொண்டு.
"இதை யார் போட்டது?"
விரல் அந்தச் சொல்லின் மேல்.

"தொகையைத்தான் சொன்னோம்" என்றாள் தெல்மா.

"முப்பத்தெட்டு பவுன், பதினொரு ஷில்லிங்.
அதை அப்படியே போட வேண்டியதுதானே?
காலையில் ரொட்டி வாங்கப் போனேன்.
கடையில் இருந்த அத்தனை பேரும்
என்னைத்தான் படித்தார்கள்."

தமிழாக இருந்தால்
இந்த இடத்தில் 'ஐயோ பாவம்' வந்திருக்கும்.
நம்மிடம்
செய்கிற குற்றத்துக்கும் படுகிற இரக்கத்துக்கும்
ஒரே சொல்.
அவர்கள் பாஷையிலும் ஏதோ ஒன்று
தெல்மாவின் நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிக்கொண்டாள்.

சாயங்காலப் பதிப்பில், நான்காம் பக்கத்தின் அடியில்
திருத்தம்:
முப்பத்தெட்டு பவுன், பதினொரு ஷில்லிங்.

'பிள்ளைகள் நான்கு' என்று சேர்த்துப் பார்த்தாள்.
அச்சுக்குப் போகுமுன்
அதையும் அடித்தாள்.